ஒரே ஒரு பிளக் பாயின்ட்

எங்க அண்ணியோட சண்டை போட்டு ஜெயிச்சவங்க யாரும் கிடையாது. ஏன்னா அவங்க சண்டைக்கே வர மாட்டாங்க. நான் தொண்டை கிழியக் கத்திட்டு நிப்பேன். அவங்க கழுவின பாத்திரத்தைக் கவுத்து வெச்சுட்டு, "சரி, சாப்பிட வா"ம்பாங்க. அதுக்கப்புறம் எனக்கு என்ன மரியாதை இருக்கு? கல்யாணமாகி வந்த புதுசுலயே அவங்களுக்கு ஊமைக்கோட்டான்னு பேர் வெச்சவ நான்தான். எனக்கு அண்ணன் வெச்ச பேர் பட்டாசு. ரெண்டையும் ஒரே வீட்டுல வெச்சுக்கிட்டு நான் எப்படித்தான் காலம் தள்ளறேனோன்னு அவனே சொல்லிச் சிரிப்பான்.

அண்ணன் கார் எலக்ட்ரீஷியன். தெருவுல அவன் பேர் யாருக்கும் தெரியாது, வயர்காரர்னாதான் தெரியும். வீட்டுக்குப் பின்னாடியே தகரக் கொட்டகை. ஒரு பக்கம் பழைய பேட்டரி வரிசை, இன்னொரு பக்கம் ஆணி ஆணியா அடிச்சு நிறம் பிரிச்சுத் தொங்கவிட்ட வயர். அண்ணிக்குக் கார் ஓட்டத் தெரிஞ்சதே அந்தக் கொட்டகையிலதான். வந்த வண்டியை உள்ள எடுக்கணும், முடிஞ்ச வண்டியை வெளிய விடணும். அவன் கை பூரா கிரீஸ். அதனால இவங்களை உக்கார வெச்சு, கொஞ்சம் முன்னாடி, கொஞ்சம் பின்னாடின்னு சொல்லிச் சொல்லிப் பழக்கினான். எத்தனையோ வருஷம் எத்தனையோ கார் ஓட்டினாங்க. ஒண்ணுகூட எங்க கேட்டைத் தாண்டிப் போனதில்ல.

அண்ணனுக்கு நுரையீரல் சுருங்க ஆரம்பிச்ச பிறகுதான் அவங்க ரோட்டுக்கு வந்தாங்க. ஆசிட் புகை ஒரு பக்கம், இவன் ஊதித் தள்ளின சிகரெட் ஒரு பக்கம். யார் சொன்னாலும் கேக்கற ஜென்மமா அது? இருமல் வந்தப்பவும் தூசிம்மான்னு சொல்லிட்டுத் திரிஞ்சான். கடைசியில டாக்டர் ஒரு மெஷினை எழுதிக் குடுத்துட்டார். காத்துல இருந்து ஆக்சிஜனைப் பிரிச்சு ஒரு டியூப் வழியா மூக்குக்கு அனுப்பும். வீட்டுல சுவத்து பிளக்குல ஓடும், கார்ல சிகரெட் லைட்டர் சாக்கெட்டுல ஓடும். அதுக்குள்ளயும் ஒரு பேட்டரி இருக்கு. ஆனா அது கிழடு தட்டிப்போயி, வீட்டுல இருந்து காருக்குப் போற நேரத்துக்குத்தான் தாங்கும். டியூபை எடுத்துட்டா அண்ணன் உதடு நீலமாயிடும். அவ்வளவுதான் அவன் உசுரு.

லைசென்ஸ் எடுத்தது, கொட்டகையைத் தனியா எடுத்து நடத்தினது, மாசாமாசம் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது, எல்லாம் அண்ணிதான். நான் ஒரு லாட்ஜுல துணி தேய்க்கிற வேலை பாக்கறேன். செக்கப்புக்குப் போற அன்னிக்கு லீவு போட்டுட்டுக் கூடப் போவேன். எதுக்குன்னா, ஆஸ்பத்திரியில வரிசையில சண்டை போட ஒரு ஆள் வேணுமில்ல?

அன்னிக்கும் அப்படித்தான் கிளம்பினோம். மத்தியான வெயில் மண்டையைப் பொளந்துச்சு. அண்ணன் முன் சீட்டுல, மெஷின் அவன் காலுக்கு நடுவுல, நான் பின்னாடி. நடுவுல இருக்கற சின்ன ஊரைத் தாண்டறப்பவே டேஷ்போர்டுல பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் எரிஞ்சுது. அண்ணி அவனைத் திரும்பிப் பாத்தாங்க. அவன் கையை வீசி, போ போன்னான்.

இதுதான் எங்க வீட்டுக் கிறுக்கு. வேற யாரா இருந்தாலும் வண்டியை ஓரம்கட்டியிருப்பாங்க. அண்ணன் காலமெல்லாம் இந்த லைட்டுகளைப் பாத்துச் சலிச்சவன். லைட் எரியுதுன்னு அலறியடிச்சுட்டு வருவாங்க, இவன் ஒரு வயரைக் கழட்டித் துடைச்சு மாட்டி அனுப்புவான். வண்டியைப் பத்தி லைட்டுக்கு என்ன தெரியும், எனக்குத் தெரியாததாம்பான். எங்க காருல எந்த லைட் எரிஞ்சாலும் நாங்க யாரும் கண்டுக்க மாட்டோம். அன்னிக்கும் கண்டுக்கல. அந்த ஊருல மெக்கானிக் கடை இருந்துச்சு, சேர் போட்டு உக்காந்திருந்தான். நாங்க பாத்துக்கிட்டே தாண்டிப் போனோம்.

அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் பொட்டல். வீடில்ல, கடையில்ல, மரம்கூட எண்ணித்தான் பாக்கணும். கொஞ்ச தூரத்துல ஏசி காத்து தொய்ஞ்சு போச்சு. அண்ணன் தலையைச் சாய்ச்சான். கொட்டகையில வண்டிச் சத்தம் கேக்கறப்போ சாய்ப்பானே, அதே மாதிரி. அப்புறம் அவன் முகத்துல ஈயாடல. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்: "டைனமோ."

எனக்கு அப்போ புரியல, அண்ணிக்குப் புரிஞ்சுடுச்சு. வண்டி ஓட ஓட கரண்ட் எடுத்து பேட்டரிக்குக் குடுக்கறது டைனமோ. அது செத்துட்டா பேட்டரியில மிச்சம் இருக்கறதுதான் இருப்பு. என்ஜினும் அதுலதான் ஓடணும், அண்ணன் மெஷினும் அதுலதான் ஓடணும். ஒரே குடத்துத் தண்ணியை ரெண்டு வீடு மொண்டு குடிக்கற கதை. திரும்பிப் போகலாம்னா வந்த தூரம் எவ்வளவோ, போற தூரமும் அவ்வளவுதான். அண்ணி ஏசியை அணைச்சாங்க, பாட்டை அணைச்சாங்க, போன் சார்ஜரைப் பிடுங்கிப் போட்டாங்க.

கண்ணாடி எல்லாம் மூடியிருந்துச்சு. ரெண்டு நிமிஷத்துல உள்ள அடுப்பு மாதிரி ஆயிடுச்சு. நான் என் பக்கத்து பட்டனை அமுக்கினேன். கண்ணாடி பாதி இறங்கறதுக்குள்ள வண்டி ஒரு குலுக்கு குலுக்குச்சு, மெஷின் சுருதி இறங்கிட்டு மறுபடி ஏறுச்சு. அண்ணி, "கையை எடு"ன்னாங்க. வழக்கமா இருந்தா எதிர்த்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்.

பிரேக் போடாம, ஹாரன் அடிக்காம, ஒரே சீரா ஓட்டினாங்க. ஒரு வளைவுல ஸ்டியரிங்கைத் திருப்பறப்போ தோள்பட்டை வரைக்கும் இறுகறதைப் பாத்தேன். அதுவும் கரண்ட்ல திரும்பற ஸ்டியரிங், கரண்ட் குறையக் குறைய கல்லாயிட்டு வந்துச்சு. வேர்வை புருவத்துல இருந்து கண்ணுக்குள்ள இறங்குது, துடைக்கக்கூடக் கையை எடுக்கல.

அப்பதான் அண்ணன் டேஷ்போர்டுல தட்டினான். டொக், டொக்.

கொட்டகையில பானட்டைத் திறந்து வெச்சு உள்ள தலையை விட்டிருப்பான். சீட்டுல அண்ணி. அங்க இருந்து கத்தினா கேக்காது. அதுக்காக ரெண்டு பேரும் வெச்சுக்கிட்ட பழக்கம். ஒரு தட்டுன்னா ஸ்டார்ட் பண்ணு, ரெண்டு தட்டுன்னா அணைச்சுடு. சாவியை ஒரு நொடி பிந்தித் திருப்பினா அவன் விரல் போயிடும். அதனால அந்தச் சத்தத்துக்கு அண்ணி கை யோசிக்கிறதே இல்ல. அடுப்படியில நான் கரண்டியால ரெண்டு தட்டு தட்டினாக்கூடத் திடுக்குனு திரும்பிப் பாப்பாங்க. நான் அதுக்காகவே தட்டிச் சிரிச்சிருக்கேன்.

இப்போ அவன் தட்டிட்டு விரலால காட்டினது என்ஜினை இல்ல. சாக்கெட்டுல இருந்து அவன் மெஷினுக்குப் போற வயரை. அதை அணைச்சுடு, வண்டியாவது போய்ச் சேரட்டும்னு அர்த்தம். போய்ச் சேர்ற வரைக்கும் நான் தாங்கிக்கறேன்னு சொல்றான். அவன் தாங்க மாட்டான்னு அந்தக் காருல மூணு பேருக்கும் தெரியும்.

அண்ணி ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கல. "முடியாதுங்க"ன்னாங்க.

அவன் மறுபடியும் தட்டினான், இன்னும் பலமா.

"நீங்க தட்டினதுக்கெல்லாம் இத்தனை நாள் அணைச்சேன். இதை அணைக்க மாட்டேன். தட்டாதீங்க."

அவன் யார் பேச்சைக் கேட்டான்? தானே குனிஞ்சு பிளக்குல கை வெச்சுட்டான். நான் பின் சீட்டுல இருந்து பாஞ்சு அவன் மணிக்கட்டைப் பிடிச்சேன். "டேய், அறைஞ்சேன்னா பாரு"ன்னு கத்தினேன், அவன் எனக்கு மூத்தவன்கறதெல்லாம் மறந்துபோச்சு. கையில எலும்புதான் இருக்கு, ஆனா என்ன பலம்! அண்ணி, "அவரை விட்டுடாத. பிடிச்சுக்கோ"ன்னாங்க. கல்யாணமாகி வந்ததுல இருந்து அவங்க என்னை ஒரு வேலை செய்யச் சொன்னது அதுதான் முதல் தடவைன்னு நினைக்கறேன். ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன். கொஞ்ச நேரம் முறுக்கினான். அப்புறம் கையை இழுக்கக்கூட மூச்சு இல்லாம சீட்டுல சாஞ்சுட்டான். கண்ணோரத்துல தண்ணி நின்னுச்சு. எனக்கு அவன் மேல வந்த கோபத்துக்கும் பரிதாபத்துக்கும் அளவே இல்ல.

ஆஸ்பத்திரிக்கு மிச்சமிருந்த தூரத்துல பாதிகூடத் தாண்டல, வண்டி விக்க ஆரம்பிச்சுது. ரெண்டு தடவை விக்கி விக்கிப் போச்சு, மூணாவது விக்கல்ல நின்னுடுச்சு. அந்த வேகத்துலயே ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டி ஓரத்துக்கு இறக்கினாங்க. சாவியைத் திருப்பினா ஒரு கிளிக் சத்தம், அவ்வளவுதான். அதே நேரம் மெஷின் கீச் கீச்னு கத்த ஆரம்பிச்சுது. உள்ள இருக்கற கிழட்டு பேட்டரிக்கு மாறிடுச்சுன்னு அர்த்தம். அதுல ஒரே ஒரு சிவப்புக் கோடுதான் மிச்சம்.

ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். வண்டி வேற எங்கேயோ போயிருக்கு, வந்ததும் அனுப்பறோம்னாங்க. வந்ததும்னா எப்போன்னு கேட்டேன், லைன் போயிடுச்சு. ஒரு கார் வந்துச்சு. கையை ஆட்டினேன். மெதுவாக்கி, எங்களை எட்டிப் பாத்துட்டு, வேகம் எடுத்துப் போயிட்டான். நல்லா இருப்பியான்னு அவன் முதுகைப் பாத்து வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். ஒரு லாரி நிக்கவே இல்ல. அண்ணி காரை விட்டு இறங்கினாங்க. புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு, ஓரத்துல நிக்காம, நேரா ரோட்டு நடுவுக்குப் போய் நின்னுட்டாங்க. அடுத்து வர்ற வண்டி ஒண்ணு நிக்கணும், இல்ல அவங்க மேல ஏறணும்.

வந்தது ஒரு வெள்ளை வேன். நின்னுச்சு. கிட்ட வந்தப்புறம்தான் அதோட பக்கத்துல எழுதியிருக்கறதைப் படிச்சேன். பிணம் ஏத்திட்டுப் போற வண்டி.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. எத்தனை வண்டி இருக்கு உலகத்துல, இதுதான் கிடைச்சுதா? இதுலயா என் அண்ணனை ஏத்தறது? "வேண்டாம் அண்ணி, இதுல வேண்டாம்"னேன். அவங்க என் பக்கம் திரும்பக்கூட இல்ல. டிரைவர் கதவுகிட்ட போய், வண்டியில கரண்ட் இருக்கான்னு கேட்டாங்க. பேட்டரி வேலை பாக்கறவங்க கேக்கற கேள்வி அது. பிணம் கெடாம வைக்க ஃப்ரீசர் பெட்டி ஓடும், அதுக்கு இன்வெர்ட்டர் இருக்கும்னு அவங்களுக்குத் தெரியும்.

டிரைவர் நல்ல மனுஷன். இருக்கும்மா, ஆனா பின்னாடி ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான்னார். முன்னாடி இருந்த சாக்கெட் எரிஞ்சுபோயி ரொம்ப நாளாச்சாம். பின்னாடி இருக்கறதுல பெட்டி ஓடிக்கிட்டிருக்கு, இன்வெர்ட்டர் அதுக்கு மட்டும்தான் தாங்கும், ரெண்டையும் சேத்துப் போட்டா மொத்தமும் படுத்துடும்னார். பெட்டி காலி இல்ல. சொல்லிட்டுப் பின்னாடி திரும்பிப் பாத்தார்.

பின்னாடி ஒரு பையன் உக்காந்திருந்தான். பையன்னா முப்பது வயசு இருக்கும். சவரம் பண்ணாத முகம், சட்டை பட்டன் மாத்திப் போட்டிருந்தான். அவன் பக்கத்துல கண்ணாடி மூடி போட்ட பெட்டி. அதுக்குள்ள ஒரு அம்மா, கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணி. மக வீட்டுல வெச்சுத் தவறிட்டாங்களாம். சொந்த ஊருக்குக் கொண்டு போறான். பெரிய ஆஸ்பத்திரியையும் தாண்டி இன்னும் சாயங்காலம் வரைக்கும் போகணும். அங்க சனம் காத்துக்கிட்டிருக்கு.

அண்ணி அவன்கிட்ட போனாங்க. கையைக் கூப்பல, கெஞ்சல. "தம்பி, கேக்கக் கூடாததைத்தான் கேக்கறேன். அந்த மெஷின் நின்னா என் வீட்டுக்காரருக்கு மூச்சு நின்னுடும். ஆஸ்பத்திரி வரைக்கும் அம்மாவோட பிளக்கைக் கொஞ்சம் எங்களுக்குத் தர முடியுமா?"

அவன் திரும்பி எங்க காரைப் பாத்தான், கீச் கீச்சுன்னு கேக்கற சத்தத்தைக் கேட்டான், பெட்டியைப் பாத்தான். வெயில் தகரத்துல பட்டு வேன் கொதிச்சுது. செத்தவங்களுக்கு எதுக்குடா கரண்டுன்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. அண்ணிக்கு அது எப்படித் தெரிஞ்சுதோ, என் கையைப் பிடிச்சு ஒரு அமுக்கு அமுக்கினாங்க. வலிச்சுது. வாயை மூடிக்கிட்டேன்.

அவன் குனிஞ்சு கண்ணாடி மேல கையை வெச்சான். "அம்மா, கொஞ்ச நேரம்தாம்மா"ன்னான். அப்புறம் பிளக்கைப் பிடுங்கினான்.

அண்ணனைத் தூக்கிட்டு வந்தது டிரைவரும் அவனும்தான். நான் மெஷினையும் அதோட சுவத்து சார்ஜரையும் எடுத்துட்டு ஓடினேன். மெஷின் சத்தம் அதுக்குள்ள நின்னுபோயிருந்துச்சு. அண்ணன் உதடு நாவப்பழ நிறம். வாயைத் திறந்து திறந்து மூடறான், உள்ள எதுவும் போகல. அண்ணி சார்ஜரைச் சொருகினாங்க. லைட் வரல. பிடுங்கி மறுபடி சொருகினாங்க. மூணாவது தடவை பச்சை லைட் வந்துச்சு. மெஷின் ஒரு தடவை செருமிட்டு ஓட ஆரம்பிச்சுது.

வேன் கிளம்புச்சு. பெட்டியோட உறுமல் நின்னதுல உள்ள அப்படி ஒரு அமைதி. அண்ணன் பெஞ்சுல அண்ணி தோள்ல சாஞ்சு, கண்ணை மூடி, மெஷின் விடற காத்தை இழுத்துக்கிட்டே வந்தான். கொஞ்ச நேரத்துல பெட்டிக் கண்ணாடியில உள்பக்கமா பனி பூத்து, சொட்டுச் சொட்டா இறங்க ஆரம்பிச்சுது. அந்தப் பையன் கைக்குட்டையை எடுத்து வெளிப்பக்கம் துடைச்சான். உள்பக்கம் இருக்கறது போகுமா? மறுபடி துடைச்சான். தன்பாட்டுக்குச் சொன்னான், "அம்மாவுக்கு வேர்வையே ஆகாது. எப்பவும் ஃபேனுக்கு அடியிலதான் உக்காருவாங்க."

நான் அழுதுட்டேன். என் அண்ணனுக்காக அழுதேனா, முன்னப்பின்ன பாக்காத அந்த அம்மாவுக்காக அழுதேனான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. என் முந்தானையை எடுத்து நானும் துடைச்சேன். ஆளுக்கொரு பக்கமா துடைச்சுக்கிட்டே போனோம். அண்ணன் ஒரு தடவை கண்ணைத் திறந்து எங்களைப் பாத்தான். பெட்டியைப் பாத்தான். அண்ணி அவன் கண்ணைக் கையால மூடி, நீங்க மூச்சு விடுங்கன்னாங்க.

ஆஸ்பத்திரி கேட்டுல வாட்ச்மேன் வண்டியைப் பாத்ததும் பிணவறை பின்பக்கம்னு கையைக் காட்டினான். டிரைவர் தலையை வெளிய நீட்டி, உயிரோட இருக்கறவர்யா, கேட்டைத் திறன்னு போட்ட சத்தத்துல அவன் விழுந்தடிச்சுத் திறந்தான். அவசர சிகிச்சை வாசல்ல நிறுத்தினோம். ரெண்டு பேர் ஸ்ட்ரெச்சரோட ஓடி வந்து, பழக்கதோஷத்துல பெட்டியைப் பிடிச்சு இழுக்கப் பாத்தாங்க. அந்தப் பையன்தான் அவங்க கையைத் தட்டிவிட்டு, "எங்கம்மா இருக்கட்டும். இவரை இறக்குங்க"ன்னான்.

அண்ணனைப் படுக்க வெச்சு, பெரிய சிலிண்டர் மாஸ்க்கை முகத்துல மாட்டினாங்க. நான் பாத்துக்கிட்டே நின்னேன். நாவப்பழ நிறம் கொஞ்சம் கொஞ்சமா வெளுத்து, உதடு உதடா ஆச்சு. நாடி பிடிச்ச நர்ஸ், பரவால்ல, சீக்கிரம் உள்ள கொண்டு வாங்கன்னாங்க. பரவால்லன்னு ஒரு வார்த்தையில எனக்கு உசுரே திரும்பி வந்துச்சு. ஸ்ட்ரெச்சர் உருள ஆரம்பிச்சுது. அண்ணன் கை தடவித் தடவித் தேடுச்சு. யாரைத் தேடுதுன்னு கேக்கணுமா?

திரும்பிப் பாத்தா அண்ணியைக் காணோம். வேன் கதவுக்குள்ள குனிஞ்சு கிடந்தாங்க. எங்க சார்ஜரைக் கழட்டிட்டு, பெட்டியோட பிளக்கைத் தேடி எடுத்து, புடவையில துடைச்சு, பாயின்ட்ல சொருகிக்கிட்டிருந்தாங்க. அந்தப் பையன், நான் பாத்துக்கறேன்க்கா, நீங்க போங்கன்னு சொல்றான். எனக்கு எரிச்சல் பொத்துக்கிட்டு வந்துச்சு.

"அண்ணி, அவன் உங்களைத்தான் தேடறான். உள்ள கொண்டு போறாங்க. வாங்களேன்."

அண்ணி காதைப் பெட்டிமேல வெச்சிருந்தாங்க. கையை மட்டும் தூக்கி, இருன்னு காட்டினாங்க.

"நீ போய் அவர் கையைப் பிடிச்சுக்கோ"ன்னாங்க. "இது ஓடுதான்னு பாத்துட்டு வரேன்."